ட்ரிக்ஸியின் இஸ்திரிப் பாட்டு

"அப்பா, உங்க வெட்டிங் கேசட் எங்க இருக்கு?"

மகள் தென்றல் ஃபோனில் இதைக் கேட்டபோது கிட்டுசாமி நியூஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் தன் வீட்டுப் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ஒரு சோப்புக் கட்டியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பு கை நழுவி மடியில் விழுந்தது. எண்பத்தெட்டு வயதான சோப்பு. தரையில் விழுந்திருந்தால் தூளாகியிருக்கும்.

"எந்தக் கேசட்டும்மா?"

"வி.எச்.எஸ் கேசட், அப்பா. உங்க தேர்ட்டியத் ஆனிவர்சரிக்கு ஹால் புக் பண்ணியாச்சு, ப்ரொஜெக்டர் இருக்கு. எல்லாரும் டின்னர் சாப்பிடறப்ப ஸ்க்ரீன்ல உங்க கல்யாணம் ஓடணும்."

"அதுல பூஞ்சை புடிச்சிருக்கும்மா." யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. "பேஸ்மென்ட் ஈரம். வெள்ளை வெள்ளையா ஃபங்கஸ். போட்டா மெஷினே போயிரும்."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மாடிப்படியின் உச்சியிலிருந்து மனைவி மரகதத்தின் குரல் வந்தது. "ஆமாங் கண்ணு, பூஞ்சைதான். நானே பாத்தேன். அதெல்லாம் இப்ப எதுக்கு? ஆல்பம் இருக்குதில்ல, நாலு ஃபோட்டோ எடுத்துப் போட்டுக்கலாம்."

இல்லாத பூஞ்சையை அவள் எப்படிப் பார்த்தாள் என்று கிட்டுசாமிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பொய்க்குச் சாட்சி தானாக வரும்போது யாரும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

"தாத்தா அதுல இருக்கார்ல?" என்றாள் தென்றல். "ஐ ஹாவ் நெவர் சீன் ஹிம் மூவ், அப்பா. ஃபோட்டோல மட்டும்தான் பார்த்திருக்கேன். அவர் எப்படி நடப்பார்னு பாக்கணும். தட்ஸ் ஆல்."

ஃபோனை வைத்த பிறகு கிட்டுசாமி சோப்பை அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

விஷயம் இதுதான். அந்தக் கேசட்டில் கல்யாணம் இல்லை. ஒரு பழைய ஹாலிவுட் பாட்டுப் படம் இருக்கிறது. கல்யாணத்தை அழித்துவிட்டு அதன் மேல் படத்தைப் பதிவு செய்தவர் மாப்பிள்ளையேதான்.

நடந்தது தொண்ணூற்றேழு ஜனவரி. கல்யாணமாகிப் பதினாறு மாதம். பக்கத்து ஊரான எடிசனில் ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட். கிட்டுசாமியைக் கூட்டிவந்த கம்பெனி இரண்டு மாதமாக அவருக்கு வேலை தராமல் உட்காரவைத்திருந்தது. அந்த நாட்களில் அவர் மூன்று காரியங்கள்தான் செய்தார். ஃபோன் அடிக்கிறதா என்று பார்ப்பார், தபால் வந்ததா என்று பார்ப்பார், சன்னலில் பனியைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் வரவேண்டிய உள்ளூர் கூடைப்பந்து ஆட்டம் பனியால் ரத்தாகிவிட்டது. சேனல்காரர்கள் கிட்டங்கியில் கிடந்த ஏதோ ஒரு படச்சுருளை எடுத்து ஓட்டினார்கள். அறிவிப்பு கிடையாது. தலைப்பு வந்தது: 'டூ ட்ராம்போன்ஸ் ஃபார் ட்ரிக்ஸி', 1937.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. ட்ரிக்ஸி ஒரு சலவைக்கடைப் பெண். ஒரே இசைக்குழுவில் ட்ராம்போன் ஊதும் இரண்டு பேர் அவளைக் காதலிக்கிறார்கள். இருவர் சட்டையையும் அவள்தான் வெளுக்கிறாள். யாருடைய சட்டை யாருக்குப் போனது என்பதில் விளம்பரங்களோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஓடுகிறது. முதல் ஐந்து நிமிடத்திலேயே கிட்டுசாமி சிரித்துவிட்டார். அமெரிக்கா வந்ததிலிருந்து மறந்துபோயிருந்த ஒரு சத்தம் அது. உடனே, இது இனி எப்போதும் வராது என்று ஏதோ தோன்றியது. வெற்றுக் கேசட் தேடினார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட். நீல உறையில் தங்க எழுத்தில் 'திருமண வைபவம்'. அழியாமலிருக்க அதன் விளிம்பில் இருந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தார்கள். அந்த ஓட்டையில் செல்லோ டேப்பை ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒட்டினார். கல்யாணம் ஊரில் இன்னொரு கேசட்டில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மரகதம் துணி துவைக்கப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போயிருந்தாள். படம் முடியும் நேரத்தில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையெல்லாம் பனியோடு வந்தாள். "ஏனுங்க, தனியா உக்காந்து சிரிச்சிட்டிருக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று டிவியை அணைத்தார்.

அந்த ஆகஸ்ட்டில் ஊரில், கோபியில், அவள் அப்பா போய்விட்டார். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி, விமானம் ஏறக்கூடாது. அப்போதுதான் கிட்டுசாமி மைத்துனன் மதனுக்கு ஃபோன் செய்து ஊரில் இருந்த மூலக் கேசட்டைப் பற்றிக் கேட்டார்.

"அது வீடியோக்காரர்கிட்டயே இருக்கட்டும்னு விட்டமுங்க மாமா" என்றான் மதன். "அடுத்த முகூர்த்தத்துக்குக் கேசட் பத்தலைன்னு அதுலயே எடுத்துப்போட்டாருங்களாம்."

ஆக, மாமனார் நடந்ததும் சிரித்ததும், பந்தியில் பரிமாறுகிறவரிடமிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஒவ்வொரு இலையிலும் இரண்டு தடவை பாயசம் ஊற்றியதும் உலகத்தில் எங்குமே இல்லை. படத்துக்குப் பின்னால் கேசட்டின் கடைசியில் ஏதாவது மிச்சம் இருக்கலாம். போட்டுப் பார்க்க இருபத்தெட்டு வருஷமாக அவருக்குத் தைரியம் வரவில்லை. மரகதமும் ஒரு தடவைகூட அந்தக் கேசட்டைப் போடச் சொன்னதில்லை. அப்பாவைப் பார்க்க அவளுக்கு மனசு தாங்காது என்று அவர் புரிந்துகொண்டார். அப்படிப் புரிந்துகொள்வது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

கிட்டுசாமி இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எந்தப் பதிவையும் அழித்து அதன் மேல் எழுதக்கூடாது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு தடவை வகுப்பெடுப்பது அவர் வேலை.

ட்ரிக்ஸி மட்டும் அவரை விடவில்லை. இன்டர்நெட் வந்தபிறகு தேடினார். அந்தப் படத்துக்கென்று ஒரு கூட்டமே இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். படம் வந்த வாரமே படுத்துவிட்டது, கதாநாயகி அடுத்த வருஷம் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஓஹையோவுக்குப் போய்விட்டாள், ஸ்டுடியோவும் மூடிவிட்டது. அதனால்தான் அவர்களுக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. நல்ல படத்தை எல்லோரும் காப்பாற்றுவார்கள். இதற்கு இவர்களை விட்டால் நாதியில்லை. தியேட்டர் வாசலில் மாட்டிய அட்டைகள், கிழிந்த டிக்கெட்டு, படம் பார்க்க வந்த பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்த, ட்ரிக்ஸி முகம் பதித்த சோப்பு என்று சேர்ப்பார்கள். அமெரிக்காவில் அந்தச் சோப்பு ஐந்துதான் மிச்சம். கிட்டுசாமியிடம் இருப்பதில் ஓர் ஓரம் கரைந்திருக்கும். ஒரு நாள் மரகதம் அதை எடுத்து வாணலி தேய்த்துவிட்டாள்.

அந்த நாற்பத்து மூன்று பேரும் பெருமூச்சு விடும் விஷயம் ஒன்றுதான்: இஸ்திரிப் பாட்டு. பன்னிரண்டு பெண்கள் இஸ்திரிப் பெட்டியோடு ஆவிக்குள் ஆடும் ஏழு நிமிடம். படம் ஓடவில்லை என்று ஸ்டுடியோ அதை வெட்டிவிட்டது. எந்தப் பிரதியிலும் அது கிடையாது. வெட்டுவதற்கு முந்திய ஒரே பிரதி நியூஜெர்சியின் ஏதோ ஒரு சேனலில் ஒரு தடவை ஓடியதாகவும், பிறகு அதைக் குப்பையில் போட்டுவிட்டதாகவும் ஒரு வதந்தி. அது வதந்தியில்லை என்று கிட்டுசாமிக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. சொன்னால் எதில் பதிவு செய்தாய் என்று கேட்பார்கள்.

மறுநாள் மரகதம் கடைக்குப் போன நேரத்தில் அவளுடைய பட்டுச்சேலைச் சூட்கேஸைத் திறந்தார். கேசட் அடியில், கல்யாணச் சேலைக்குள் சுற்றி இருந்தது. நியூஜெர்சி ஈரத்தில் இருபத்தெட்டு வருஷம் கிடந்த கேசட் அவ்வளவு சுத்தமாக இருந்ததைப் பார்த்து அந்துருண்டையின் மகிமை என்று நினைத்தார். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓட்டையில் அவர் ஒட்டிய செல்லோ டேப் காணவில்லை. பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். கேசட்டைச் சட்டைக்குள் மறைத்து பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலம் தென்றல் மறுபடியும் கூப்பிட்டாள். "குட் நியூஸ் அப்பா! ஓக் ட்ரீ ரோட்ல ஒரு கடை. ஜெயந்திபாய்னு ஒரு அங்கிள். ஃபங்கஸ் கிளீன் பண்ணி டிஜிட்டைஸ் பண்ணித் தருவாராம். ஞாயித்துக்கிழமை வந்து கேசட்டை எடுத்துக்கறேன்."

"ஜெயந்திபாயா? அவரு கண்ணு தெரியாம இருக்காரு கண்ணு" என்று மாடியிலிருந்து மரகதம் அவசரமாகச் சொன்னாள். "கேசட்டைக் கிழிச்சுப்போடுவாரு. வேண்டாம்."

"யெல்ப் ரிவ்யூல ஃபோர் பாயின்ட் எய்ட் ஸ்டார், அம்மா."

கிட்டுசாமி யோசித்தார். கோபியில் அந்தக் காலத்துக் கல்யாணங்கள் எல்லாமே ஒன்றுதான். அதே மண்டபம், அதே வீடியோக்காரர், மணமக்கள் முகம் இதயத்துக்குள் சுற்றி வரும் அதே ஆரம்பம். எடிசனில் இருக்கும் சிநேகிதன் சபரிநாதனுக்கு மறு வருஷம் அதே மண்டபத்தில்தான் கல்யாணம். அந்தக் கேசட்டை வாங்கி, நாதஸ்வரமும் கூட்டமும் பந்தியும் மட்டும் போதும் என்று கடைக்காரரிடம் வெட்டி வாங்கி, மற்றதெல்லாம் பூஞ்சையில் போய்விட்டது என்று தென்றலிடம் சொல்லிவிட்டால்? பந்தியில் வேட்டி கட்டிய பெரியவர் எவராவது இருப்பார். தூரத்திலிருந்து எடுத்திருந்தால் போதும், தாத்தா என்று காட்டிவிடலாம். இதை நினைத்தபோது கிட்டுசாமிக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சபரிநாதனுக்கு ஃபோன் செய்தார்.

"என் கல்யாணக் கேசட்டு உனக்கு எதுக்குடா?" என்றான் சபரிநாதன்.

"சும்மா பாக்கத்தான்."

"நானே பாக்கறதில்ல. எடுத்துட்டுப் போ. திருப்பித் தரணும்னு அவசரமில்ல."

இப்போது பேஸ்மென்ட் மேசையில் இரண்டு கேசட்டுகள் இருந்தன. இரண்டும் நீல உறை. இரண்டிலும் தங்க எழுத்தில் 'திருமண வைபவம்'.

ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். குப்பையில் போட மனசு வரவில்லை. இஸ்திரிப் பாட்டு உலகத்தில் அதில் மட்டும்தான் இருக்கிறது. கல்யாணத்தைத்தான் அழித்தாயிற்று, அதையாவது காப்பாற்றலாம். கிட்டுசாமி ட்ரிக்ஸி கூட்டத்தின் தலைவர் ஹாரால்டுக்கு இரண்டு வரி எழுதினார். 'இஸ்திரிப் பாட்டு என்னிடம் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வாங்கிக்கொள்ள முடியுமா?'

ஹாரால்டு ட்ரென்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ட்ராம்போன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. இஸ்திரிப் பாட்டின் அச்சடித்த இசைத்தாள் அவரிடம் இருந்தது. ஐம்பது வருஷமாக அதைத் தனியாக ஊதிப் பார்த்துக்கொண்டிருப்பவர். எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரே வாசலில் நின்றார். கையில் ஒரு தோல் பை.

கதவைத் திறந்தவள் மரகதம்.

"ஏனுங்க, யாரோ வெள்ளைக்காரரு வந்திருக்காரு. உங்களைக் கேக்கறாரு."

கிட்டுசாமி படியில் தாவி ஓடிவந்தார். "அவரா? பேஸ்மென்ட்ல தண்ணி கசியுதில்ல, அதைப் பாக்க வந்த இன்ஸ்பெக்டர்."

"ஆமாமா, கசியுது கசியுது" என்றாள் மரகதம். "நல்லாப் பாக்கச் சொல்லுங்க. காப்பி கொண்டாறேன்."

கசிவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. பேஸ்மென்ட்டில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஹாரால்டைக் கீழே இழுத்துக்கொண்டு போய்க் காதில் விஷயத்தைச் சொன்னார். ஹாரால்டு நல்ல மனிதர். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் முன்னால் மண்டியிட்டு, ஒரு குழாயைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

மாடியில் மரகதம் இஸ்திரி போடும் சத்தம் கேட்டது. கூடவே அவள் முனகும் பாட்டும். இஸ்திரி போடும்போது அவள் எப்போதும் அதைத்தான் முனகுவாள்.

ஹாரால்டின் கை குழாயின் மேல் நின்றது. "யார் பாடுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் மனைவி. ஏதோ பழைய தமிழ்ப் பாட்டு."

"ஓ" என்றார் ஹாரால்டு. அவர் விரல் மட்டும் குழாயில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. "தமிழ்ப் பாட்டா?"

படியில் காலடி கேட்டது. கிட்டுசாமி பதறி, மேசையிலிருந்த கேசட்டை எடுத்து ஹாரால்டின் பைக்குள் திணித்தார். மரகதம் காப்பியும் தட்டில் நான்கு இட்லியுமாக வந்து, எங்கெங்கே கசிகிறது என்று இல்லாத நான்கு இடங்களை விரலால் காட்டினாள். ஹாரால்டு நான்கையும் குறித்துக்கொண்டார். நான்கு இட்லியையும் சாப்பிட்டார். போகும்போது சிமென்ட் பூசச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பூராவும் கிட்டுசாமிக்கு மனசு லேசாக இருந்தது. அது சனிக்கிழமை பதினோரு மணி வரை நீடித்தது.

"கிட்" என்றார் ஹாரால்டு ஃபோனில். குரலில் கோபமில்லை, ஒருவிதப் பரவசம் இருந்தது. "நேற்று முழுவதையும் பார்த்தேன். மூன்று மணி நேரம். ட்ரிக்ஸி வரவில்லை. ஒரு இளைஞன் கடைசி வரைக்கும் பயந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கிட், அந்த நீளக் குழல் ஊதுகிறவர் யார்? அவருக்கு மூச்சே முட்டாதா? நான் என் வாழ்க்கையை ட்ராம்போனில் வீணடித்துவிட்டேன்."

பைக்குள் போனது சபரிநாதனின் கல்யாணம். கிட்டுசாமி மேசையைப் பார்த்தார். அங்கே ட்ரிக்ஸி கேசட் இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஃபோனில் இன்னொரு அழைப்பு வந்தது. தென்றல்.

"அப்பா, நாளைக்கு வர முடியாதுன்னு இன்னிக்குக் காலைலயே வந்தேன், நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. கேசட் பேஸ்மென்ட் டேபிள்லயே இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். ஐம் அட் ஜெயந்தி அங்கிள்ஸ் ஷாப். அப்பா, இதுல ஃபங்கஸே இல்லையே?"

"போடாத!" என்று கத்தினார் கிட்டுசாமி. "நான் வர்ற வரைக்கும் போடாத!"

மேலே ஓடினார். மரகதம் கூடத்தில் அவருடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முனகிக்கொண்டுதான் இருந்தாள். அவர் மூச்சிரைக்க எதிரே நின்றார்.

"மரகதம், ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"சட்டையப் போடுங்க."

"கேளு. அந்தக் கேசட்டு..."

"பனியனோடயா கடைவீதிக்குப் போவீங்க? சூடு ஆறறதுக்குள்ள போட்டுக்கங்க." சட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மெதுவா வண்டி ஓட்டிட்டுப் போங்க. ஒண்ணும் ஆயிராது."

வண்டியில் ஓக் ட்ரீ ரோடு வரை அவர் பேசிப் பழகினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆரம்பிக்கலாமா? தெரிந்துதான் செய்தார். செல்லோ டேப் தெரியாமல் ஒட்டிக்கொள்ளாது. சனிக்கிழமை நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. மரகதம் வருஷத்தில் ஒரு நாள் தனியாக இந்த வீதிக்கு வந்து நாலு மணி நேரம் கழித்து ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு திரும்புவாள். போன வாரம்கூட வந்தாள். இந்த நெரிசலில் நாலு மணி நேரம் ஆகத்தான் செய்யும் என்று இப்போது புரிந்தது.

ஜெயந்திபாயின் கடை ஒரு காலத்தில் வீடியோ கேசட் லைப்ரரி. இந்தியக் கேசட் அமெரிக்க மெஷினில் ஓடாது என்பதால், ஊரிலிருந்து வரும் கல்யாணங்களையெல்லாம் அமெரிக்காவுக்கு மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். கிட்டுசாமியின் கல்யாணத்தையும் தொண்ணூற்றாறில் அவர்தான் மாற்றினார்; மூலக் கேசட் ஊருக்குத் திரும்பிப் போனது. இப்போது பாஸ்போர்ட் ஃபோட்டோவும் உடைந்த ஃபோன் கண்ணாடியும்தான் பிழைப்பு. பின்னறையில் மட்டும் இரண்டு பழைய வி.சி.ஆர், ஒரு குண்டு டிவி, அதற்கு எதிரே மெத்தை போட்ட ஒரு நாற்காலி. வருஷக்கணக்காகத் தமிழ்க் கேசட்டை வாடகைக்கு விட்டே தமிழ் கற்றவர். அவருடைய தமிழில் ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லாம் ஒன்றுதான்.

கிட்டுசாமி உள்ளே நுழைந்தபோது கேசட் ஜெயந்திபாயின் கையில் இருந்தது. தென்றல் கவுன்ட்டரில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, வாட் இஸ் கோயிங் ஆன்?"

"அதுல கல்யாணம் இல்ல" என்றார் கிட்டுசாமி. பழகிய வசனம் ஒன்றும் வரவில்லை. "அழிச்சிட்டேன். நான்தான். அதுல ஒரு இங்கிலீஷ் படம் இருக்கு. ட்ரிக்ஸி."

தென்றலுக்குச் சிறுவயதிலிருந்தே ட்ரிக்ஸி தெரியும். சோப்பைத் தொட்டதற்கு ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

"யூ டேப்ட் ட்ரிக்ஸி ஓவர் தாத்தா?"

"அப்ப தாத்தா உயிரோட இருந்தாரும்மா. வெத்துக் கேசட் இல்ல. வெளிய பனி..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டுவென்டி எய்ட் இயர்ஸ், அப்பா! ஷி கெப்ட் இட் இன் ஹெர் வெட்டிங் ஸாரி!"

கம்பெனியில் கிட்டுசாமி வருஷத்துக்கு நான்கு தடவை எடுக்கும் வகுப்பில் இந்தக் கட்டத்துக்கு ஒரு படிவம் உண்டு. தவறு, காரணம், சரிசெய்யும் வழி என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றுமில்லை. அவர் போய் அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெயந்திபாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேசட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பூஞ்சை எப்படி வரும்? வருஷம் வருஷம் நான்தானே கிளீன் பண்ணுது."

"வருஷா வருஷமா?" என்றாள் தென்றல்.

"மேடம் கொண்டு வரும். எப்பவும் ஆகஸ்ட். போன வாரம்கூட வந்துச்சு. இந்த நாற்காலிலதான் உட்காரும்." கிட்டுசாமி உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். "இஸ்திரிப் பொண்ணுங்க வந்தா மேடமும் கூடப் பாடும். படம் முடிஞ்சா கடைசில பதினோரு நிமிஷம் கல்யாணம் மிச்சம் இருக்கு. பெரியவர் வாளி எடுத்துப் பாயசம் ஊத்தும். ஒரு இலைக்கு ரெண்டு. மேடம் அழும். கண்ணு துடைச்சு, பக்கத்துக் கடைல கறிவேப்பிலை வாங்கிப் போகும்."

ஜெயந்திபாய் கேசட்டின் விளிம்பில் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இங்க ஒட்டின டேப் மேடம்தான் பிச்சுப் போட்டுச்சு. இதுக்கு மேல யாரும் எதையும் அழிக்கக் கூடாதுன்னு."

கேசட்டை மெஷினுக்குள் தள்ளினார். குண்டு டிவியில் கோடுகள் ஓடி, கறுப்பு வெள்ளையில் ஒரு சலவைக்கடை வந்தது. இரண்டு ட்ராம்போன்கள் ஊதின. கிட்டுசாமிக்கு டிவி சரியாகத் தெரியவில்லை.

தென்றல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்கிள், ப்ளீஸ், கடைசிக்கு ஓட்டுங்க. எனக்குத் தாத்தாவைப் பாக்கணும்."

ஜெயந்திபாய் பட்டனைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"நானும் வருஷம் வருஷம் கேட்டுப் பார்க்குது, மேடம், ரெண்டு மணி நேரம் எதுக்கு, நேரா பெரியவர்கிட்ட ஓட்டட்டுமான்னு. மேடம் விடாது. 'ஓட்டாதீங்க பாய், அமெரிக்கா வந்து எங்க வீட்டுக்காரரு மொதமொதல்ல சிரிச்சது இதுக்குத்தான்'னு சொல்லும்."